மராகேஷில் ரியாடா, ரிசார்ட்டா? அறை பிடிக்கும் முன் எதை எந்த வரிசையில் முடிவு செய்வது

மொரோக்கோவின் மராகேஷுக்கு டிக்கெட் போட்ட கையோடு பெரும்பாலானோர் செய்வது, படம் பார்த்து அறை பிடிப்பது. ரியாட் எனப்படும் முற்ற வீட்டு விடுதி என்றால், நடு முற்றத்தில் குட்டிக் குளம், செதுக்கு வேலை செய்த மரக்கதவு, மொட்டை மாடியில் வரிசையாக விளக்கு. மூன்றாவது படத்திலேயே மனம் போய்விடும். இரவு பத்து மணிக்கு, கார் நுழையாத சந்தின் வாயில் நான்கு பெட்டிகளோடு நிற்கும்போதுதான் மற்ற கேள்விகள் வரும். ரிசார்ட் பிடித்தவர்களின் ஏமாற்றம் வேறு மாதிரி. அறை பிரமாதமாக இருக்கும், ஊர் மட்டும் பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும்.

படங்களை மூடி வைத்துவிட்டுக் கீழே உள்ள வரிசையில் போங்கள். மாதம், கூட வரும் ஆட்கள், பகல் பொழுது ஆகிய மூன்றும் முடிவானால் விடுதி வகை முக்கால்வாசி தானாகவே முடிவாகிவிடும். தலைகீழாகச் செய்தால், பிடித்துவிட்ட அறைக்காகப் பயணத்தை வளைக்க வேண்டி வரும்.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு தாளில் இவற்றை எழுதுங்கள்: விமானம் இறங்கும் நேரம், கிளம்பும் நேரம், ஒவ்வொருவரின் வயது, மூட்டு வலி உள்ளவர் யார், பெட்டிகள் எத்தனை, எவ்வளவு பெரியவை, யார் யார் சைவம், ஒரு நாளைக்கு மொத்தமாக எவ்வளவு செலவழிக்கலாம்.

செலவை மொரோக்கோ நாணயமான திர்ஹாமில் எழுதுவது நல்லது. விடுதிகள் இணையத்தில் யூரோவில் விலை சொல்லும். டாக்ஸி, சாப்பாடு, வரி, டிப்ஸ் எல்லாம் திர்ஹாமில் போகும். இரண்டையும் ஒரே நாணயத்தில் பார்க்காவிட்டால் ஒப்பிடவே முடியாது. ஒரு யூரோவுக்குத் தோராயமாக 10 முதல் 11 திர்ஹாம் என்று வைத்துக்கொள்ளலாம்.

2. எதை எதோடு ஒப்பிடுகிறோம்

ரியாட் என்பது மதீனாவின் மதிலுக்குள், அதாவது பழைய நகரத்துக்குள் இருக்கும் முற்றம் வைத்த வீடு. வீடு முழுக்க உள்நோக்கித் திரும்பியிருக்கும். தெருப்பக்கம் ஜன்னல் இருக்காது, இருந்தாலும் சிறிது. அறைகளின் கதவும் ஜன்னலும் முற்றத்தைப் பார்க்கும். பெரும்பாலும் ஐந்து முதல் பன்னிரண்டு அறைகள். தோட்டம் இல்லாத சிறிய முற்ற வீட்டுக்கு ‘தார்’ என்று பெயர். இணையத்தில் இரண்டையும் ரியாட் என்றே போடுகிறார்கள், அதனால் பெயரை வைத்து அளவை ஊகிக்க வேண்டாம்.

சொகுசு ரிசார்ட்டுகள் பெரும்பாலும் மதிலுக்கு வெளியே இருக்கின்றன: வடகிழக்கில் பால்மெரே பேரீச்சந்தோப்பு, தெற்கே ஊரிகா சாலை, வர்ஸாஸாத் சாலை. ஏக்கர் கணக்கில் தோட்டம், நீந்தும் அளவுக்குக் குளம், இரண்டு மூன்று உணவகம், மது உரிமம், லிஃப்ட், வாசல் வரை கார்.

இடையில் ஒரு மூன்றாவது வகையும் உண்டு. மதிலுக்குச் சற்று வெளியே இவர்னாஜ், கெலிஸ் பகுதிகளில் உள்ள பெரிய ஓட்டல்கள். ரிசார்ட்டின் வசதி இருக்கும், ஊரும் கூப்பிடு தூரம். பலர் இதைப் பார்ப்பதே இல்லை. முதியவர்களோடு போகிறவர்களுக்கு எங்கள் முதல் பரிந்துரை இதுதான். 1923இல் திறந்த லா மமூனியாவும், தனித்தனி ரியாட்களாகவே கட்டி 2010இல் திறந்த ரோயல் மன்சூரும் மதீனாவின் ஓரத்திலேயே இருந்துகொண்டு இரண்டு வகையையும் சேர்த்துத் தருகின்றன. அந்த விலைக்குக் கணக்கே வேறு, இங்கே அவற்றை விட்டுவிடலாம்.

3. முதலில் மாதம்

மார்ச் முதல் மே வரையும், செப்டம்பர் கடைசி முதல் நவம்பர் வரையும் போகிறீர்கள் என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். ரியாட் என்ற வீட்டு அமைப்பு அந்த மாதங்களில்தான் தன் முழு அழகில் இருக்கும்.

ஜூலை, ஆகஸ்டில் சராசரி உச்ச வெப்பமே 37, 38 டிகிரி. சில நாள் 45ஐத் தாண்டும். ரியாடின் தடித்த சுவர் தரைத்தளத்தைக் குளுமையாக வைத்திருக்கும் என்பது உண்மைதான். ஆனால் மொட்டை மாடி காலை பத்து முதல் மாலை ஆறு வரை காலே வைக்க முடியாது, மாடியில் கட்டிய அறை அடுப்பாகும். முற்றத்துக் குளத்தில் இரண்டு கை வீசினால் எதிர்ச்சுவர் வந்துவிடும், அது நனைவதற்கு மட்டும்தான். குழந்தைகளோடு கோடையில் போனால் ரிசார்ட் பக்கம் சாய்வதே சரி.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இதற்கு நேர் எதிர். பகலில் 18 டிகிரி வெயில் சுகமாக இருக்கும், இரவில் 5, 6க்கு இறங்கும். முற்றம் வானம் பார்த்தது. அறையிலிருந்து சாப்பிடப் போக வேண்டுமென்றால் குளிரில் இறங்கித்தான் போக வேண்டும். தரை ஓடு காலைக் கடிக்கும். சூடேற்ற இருப்பது பெரும்பாலும் ஏசியின் வெப்பக்காற்று மட்டும், அதுவும் உயரமான கூரைக்குக் கீழ் இறங்கி வர நேரமெடுக்கும். முற்றத்துக்கு மூடும் கூரை உண்டா, குளத்து நீர் சூடேற்றப்படுகிறதா, எத்தனை டிகிரி என்று கேட்காமல் குளிர்காலத்தில் ரியாட் பிடிக்காதீர்கள். ‘குளம் உண்டு’ என்பதும் ‘குளத்தில் இறங்கலாம்’ என்பதும் ஜனவரியில் இரு வேறு செய்திகள். ரிசார்ட்டிலும் இதைக் கேளுங்கள். சில இடங்களில் பல குளங்களில் ஒன்றை மட்டுமே சூடாக்குவார்கள்.

ரமலான் மாதம் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னால் நகரும். 2027இல் பிப்ரவரி முதல் பாதியிலேயே தொடங்கிவிடும். அந்த மாதத்தில் ரியாடில் தங்கினால், சூரியன் மறையும் நேரத்தில் பணியாளர்கள் நோன்பு திறப்பார்கள். அந்த அரை மணி, முக்கால் மணி நேரம் எதையும் கேட்காமல் இருப்பது மரியாதை, கேட்டாலும் நடக்காது. விடுதிக்குள் பகலில் சாப்பிடத் தடையில்லை. இன்னொன்று பலருக்குத் தெரியாது: மொரோக்கோவின் கடிகாரம் ஆண்டு முழுக்க கிரீன்விச் நேரத்துக்கு ஒரு மணி முன்னால் ஓடும், ரமலானில் மட்டும் ஒரு மணி பின்னுக்கு வரும். மாதம் தொடங்கும், முடியும் வாரங்களில் கைபேசி தப்பு நேரம் காட்டி விமானத்தைத் தவறவிட்டவர்கள் உண்டு. அன்றைய நேரத்தை வரவேற்பறைக் கடிகாரத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

4. அடுத்து ஆட்கள்

ரியாடில் லிஃப்ட் மிக அரிது. படிக்கட்டு குறுகலாகவும் செங்குத்தாகவும் இருக்கும், படிக்குப் படி உயரம் மாறும், ஓட்டின் விளிம்பு வழுக்கும். மூட்டு வலிக்காரருக்குத் தரைத்தள அறை கேட்பது இயல்பு. ஆனால் அதன் விலையையும் தெரிந்துகொள்ளுங்கள்: வெளிச்சம் குறைவு, காலை உணவு மேசை கதவுக்கு நேர் எதிரே, திரையை விலக்கினால் முன்பின் தெரியாதவர் அப்பம் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். சக்கர நாற்காலி என்றால் ரியாடை மறந்துவிடுவது நல்லது. அறை சரியாக இருந்தாலும் சந்தும் வாசற்படியும் விடாது.

நடக்கத் தொடங்கிய குழந்தை இருந்தால் மூன்று ஆபத்துகளைப் பாருங்கள்: தடுப்பில்லாத முற்றத்துக் குளம், மாடிக் கைப்பிடிச் சுவரின் உயரம், திறந்த படிக்கட்டு. குறிப்பிட்ட வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளைச் சேர்க்காத ரியாட்களும் நிறைய. நிபந்தனைப் பகுதியின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும்.

நான்கைந்து பேராகவோ இரண்டு குடும்பமாகவோ போனால் கணக்கு மாறிவிடும். நான்கு, ஐந்து அறை உள்ள ரியாடை முழுவதுமாக எடுத்தால் மேலே சொன்ன பாதித் தொல்லை மறைந்துவிடும். சத்தம் உங்களுடையது, முற்றம் உங்களுடையது, சமையலும் உங்கள் நேரத்துக்கு. தனித்தனி அறை விலையைக் கூட்டி, முழு வீட்டு விலையைக் கேட்டு ஒப்பிடுங்கள்.

தூக்கம் எளிதில் கலைபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. முற்றம் ஒலியைப் பெருக்கும். மேல்தளத்தில் இருவர் பேசுவது கீழே தெளிவாகக் கேட்கும். விடியுமுன் தொழுகை அழைப்பு மதீனாவில் எந்தத் திசையிலிருந்தும் வரும். காது அடைப்பான் எடுத்துப் போங்கள். அதுவும் போதாது என்பவர் ரிசார்ட்டுக்குப் போவதே நல்லது.

பிறகு குளியலறை. பல ரியாட் அறைகளில் குளியலறைக்குக் கதவு கிடையாது, ஒரு வளைவும் ஒரு திரையும்தான். புதுமணத் தம்பதி பொறுத்துக்கொள்ளலாம், அம்மாவும் மகனும் ஒரே அறையில் என்றால் முடியாது. கழிவறையில் கைத்தெளிப்பான் எல்லா இடத்திலும் இருக்காது, ரிசார்ட்டிலும்கூட. தேவை என்றால் கேட்டுப் படம் வாங்குங்கள்.

5. பகல் 11 முதல் 4 வரை எங்கே இருப்பீர்கள்?

இந்தப் படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், உண்மையில் முடிவு இங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு நாளுக்கும் பகல் 11 முதல் 4 வரை எங்கே இருப்பீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். ஊரைப் பார்க்க வேண்டும், வெயிலிலிருந்து ஒதுங்கவும் வேண்டும் என்ற இரண்டும் மோதும் நேரம் அது.

மதீனாவைப் பார்ப்பதுதான் திட்டம் என்றால்: பென் யூசுஃப் மதரசா, பாஹியா அரண்மனை, சாதியன் கல்லறைகள், கடைத்தெருக்கள் எல்லாமே நடந்து போகும் தூரம். ரியாடில் தங்கினால் காலையில் இரண்டு மணி நேரம் சுற்றி, மதியம் திரும்பி, குளித்து, படுத்து எழுந்து, ஐந்து மணிக்கு மறுபடி இறங்கலாம். இந்த மதிய ஓய்வுதான் ரியாடின் உண்மையான சொகுசு. பால்மெரேயிலிருந்து வருபவருக்கு ஒரு வழிக்கே இருபது முதல் முப்பது நிமிடம். மதியம் திரும்பிப் போய்வர யாருக்கும் மனம் வராது. வெயிலிலேயே அலைந்து நான்கு மணிக்குச் சோர்ந்து ரிசார்ட்டுக்குப் போய்விடுவார்கள். மதீனாவின் முக்கியச் சதுக்கமான ஜமா எல் ஃப்னா உயிர்பெறுவதே அதற்குப் பிறகுதான்.

ரிசார்ட்டின் இலவச வண்டியை நம்பித் திட்டம் போடாதீர்கள். அது குறித்த நேரத்தில், ஒரு நாளைக்குச் சில தடவைதான் ஓடும். கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதைக் கேளுங்கள். ஆறரைக்கு என்றால் இரவுச் சதுக்கம் உங்களுக்கு இல்லை.

தினமும் வெளியூர்ப் பயணம் என்றால் (இம்லில், ஊரிகா பள்ளத்தாக்கு, ஒரு வழிக்கே நான்கு மணி நேரம் எடுக்கும் ஐத் பென் ஹத்தூ) காலை ஏழுக்குக் கிளம்பி இரவு வருவீர்கள். ரிசார்ட்டின் குளத்துக்குக் கொடுத்த காசு அப்படியே வீண். அந்த நாட்களுக்குக் கார் நிற்கும் இடத்துக்கு அருகில் உள்ள எளிய ரியாட் போதும். கூட்டுச் சுற்றுலா வண்டிகள் பால்மெரே வரை வந்து ஏற்றிக்கொள்ளுமா என்பதும் சந்தேகம்.

ஓய்வெடுக்கத்தான் போகிறீர்கள், தினம் நான்கு மணி நேரமாவது குளத்தோரம் கழியும் என்றால் தயங்காமல் ரிசார்ட். அதைவிடக் குறைவென்றால் ரியாடில் தங்கி, ஒரே ஒரு நாள் மட்டும் ஏதாவது ரிசார்ட்டின் பகல்நேர அனுமதிச்சீட்டு வாங்கலாம். மதிய உணவும் சேர்த்துத் தரும் இடங்கள் பல. முதல் நாளே தொலைபேசியில் பதிவு செய்துகொள்ள வேண்டும், நிறைந்துவிட்டால் வாசலில் விட மாட்டார்கள்.

6. இப்போது பணம்

அறை வாடகையை மட்டும் ஒப்பிட்டால் கணக்கு தப்பும். இருவர், நான்கு இரவு என்று வைத்து, மாதிரி விலைகளோடு போட்டுப் பார்ப்போம். உங்கள் தேதிக்கான விலையை அந்தந்த இடத்தில் நிரப்பிக்கொள்ளுங்கள்.

ரியாட்: காலை உணவோடு இரவுக்கு 1,200 வீதம் 4,800. இரண்டு இரவு அங்கேயே சாப்பாடு, ஆளுக்கு 200 வீதம் 800. விமான நிலையம் போக, வர 400. சுற்றுலா வரி ஆளுக்கு இரவுக்கு 30 என்று வைத்தால் 240. மொத்தம் 6,240 திர்ஹாம்.

ரிசார்ட்: இரவுக்கு 4,500 வீதம் 18,000. இரண்டு இரவுச் சாப்பாடு ஆளுக்கு 500 வீதம் 2,000. மூன்று நாள் ஊருக்குப் போய்வர டாக்ஸி, வழிக்கு 150 வீதம் 900. விமான நிலையம் 600. வரி 240. மொத்தம் 21,740. காலை உணவு வாடகையில் சேராவிட்டால் இன்னும் ஏறும்.

ரிசார்ட் வாசலில் நிற்கும் டாக்ஸிகள் மீட்டர் போடுவது அபூர்வம், அதனால்தான் 150 என்று வைத்தோம். ஊருக்குள் ஓடும் சிறிய டாக்ஸியில் மூன்று பேருக்கு மேல் ஏற்ற மாட்டார்கள். நால்வர் குடும்பம் என்றால் ஒவ்வொரு முறையும் இரண்டு வண்டி, அல்லது பெரிய டாக்ஸியோடு பேரம். இரவில் மீட்டர் கட்டணம் பாதி கூடும்.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 1,200 திர்ஹாம் ரியாடில் குறை தெரிந்தால் பலர் நேரே 4,500 ரிசார்ட்டுக்குத் தாவுகிறார்கள். இடையில் 2,000, 2,500க்குச் சூடேற்றிய குளம், பெரிய அறை, குளியலறைக்குக் கதவு, மூடும் முற்றம் எல்லாம் கொண்ட ரியாட்கள் இருக்கின்றன. செலவுக்குக் கிடைக்கும் பலன் அதிகம் என்று பார்த்தால் இந்தப் படிதான்.

7. ரியாட் என்றால்: கடைசி முந்நூறு மீட்டர்

மதீனாவில் தூரத்தைச் சதுக்கத்திலிருந்து அளப்பார்கள். ‘ஜமா எல் ஃப்னாவுக்கு 5 நிமிடம்’ என்று எல்லோரும் போடுவார்கள். நீங்கள் அளக்க வேண்டியது காரிலிருந்து. கார் எந்த இடம் வரை வரும், அங்கிருந்து கதவுக்கு எத்தனை மீட்டர், எத்தனை திருப்பம், கடைசிச் சந்தில் இரவில் விளக்கு உண்டா? 150 மீட்டருக்குள் என்றால் யாருக்கும் சிரமமில்லை. 300க்கு மேல், பெரிய பெட்டிகள், இரவு வருகை என்ற மூன்றும் சேர்ந்தால் வேறு வீடு பாருங்கள்.

பகுதிகளைப் பொறுத்தவரை, தெற்கே கஸ்பாவும் ரியாட் ஸித்தூனும் கார் அணுக எளியவை, அரண்மனைகளும் பக்கம். முவாசீன், தார் எல் பாஷா பக்கம் கடைத்தெருவுக்கு அருகில், நல்ல உணவகங்களும் உண்டு, அதற்கேற்ற விலை. பாப் துக்காலா அன்றாட ஊர் வாழ்க்கை தெரியும் இடம், வண்டியும் வரும். வடக்கே சிதி பென் ஸ்லிமான் பக்கம் அமைதியாக இருக்கும், விலையும் குறையலாம். ஆனால் இரவு சதுக்கத்திலிருந்து இருபது நிமிடத்துக்கு மேல் கடை மூடிய தெருக்கள் வழியே திரும்ப வேண்டும். சதுக்கத்தை ஒட்டியே எடுத்தால் நள்ளிரவு வரை மேளச் சத்தம்.

சந்துகளில் உயரமான சுவர்களுக்கு இடையே கைபேசி வரைபடம் தடுமாறும். நீலப்புள்ளி பக்கத்துச் சந்தில் நிற்கும். வீட்டுக்கு வெளியே பெயர்ப்பலகை பெரும்பாலும் இருக்காது, ஆணி அடித்த ஒரு மரக்கதவு, அதன் பக்கத்தில் உள்ளங்கை அளவு தகடு, அவ்வளவுதான்.

ஃபெஸ் நகருக்கும் போவதாக இருந்தால் இந்தப் படியை இரட்டிப்புக் கண்டிப்போடு செய்யுங்கள். மராகேஷ் சமதரை. ஃபெஸ் மதீனா பள்ளத்தில் இறங்கும் ஊர். பாப் பூஜ்லூத் நுழைவாயிலிலிருந்து கீழே இறங்குவது சுகம், மாலையில் அதே சரிவில் ஏறுவது வேறு விஷயம். அங்கே பத்தா, ஐன் அஸ்லிதன், ர்சீஃப் போன்ற, வண்டி வரும் இடங்களை ஒட்டித் தேடுவது புத்திசாலித்தனம்.

8. வீட்டைத் தேர்ந்த பின் அறையைத் தேருங்கள்

ரிசார்ட்டில் ஒரே வகை அறைகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். ரியாடில் ஒவ்வொரு அறையும் வேறு. அதே வீட்டில் ஒன்று அரண்மனை போலவும், அடுத்தது சாமான் அறை போலவும் இருக்கலாம். ‘ஸ்டாண்டர்ட் அறை’ என்று பதிவு செய்தால் கடைசியில் மிஞ்சியது வரும். அறைக்குப் பெயர் இருக்கும், அந்தப் பெயரைச் சொல்லிப் பதிவு செய்து எழுத்தில் வாங்குங்கள்.

படத்தைப் பார்க்கும்போது குளத்தின் பக்கத்தில் உள்ள நாற்காலியைப் பாருங்கள். அகலமாகப் பிடிக்கும் லென்ஸ் குளத்தை நீட்டும், நாற்காலியையும் சேர்த்து நீட்டும். குளத்துக்குள் எத்தனை நாற்காலி அடங்கும் என்று மனதில் எண்ணினால் உண்மை அளவு பிடிபடும். அறையின் ஜன்னல் படத்திலேயே இல்லையென்றால், பெரும்பாலும் ஜன்னலே இல்லை.

விருந்தினர் கருத்துகளை மொத்த மதிப்பெண்ணுக்காகப் படிக்க வேண்டாம். நீங்கள் போகும் அதே மாதத்தில் எழுதியவற்றை மட்டும் எடுத்து வெந்நீர், குளிர், சத்தம், படி, வழி என்ற சொற்களைத் தேடுங்கள். வெந்நீர் முக்கியம். சிறிய கீஸர் உள்ள வீட்டில் காலை எட்டு மணிக்கு எல்லோரும் குளித்தால் கடைசி ஆளுக்குப் பச்சைத் தண்ணீர்தான். 2023 செப்டம்பர் 8 நிலநடுக்கத்துக்கு முந்தைய படங்களையும் கருத்துகளையும் பழையவையாகக் கருதுங்கள். அதன் பிறகு மதீனாவில் பழுதுபார்ப்பு வேலைகள் நிறைய நடந்திருக்கின்றன. பக்கத்து வீட்டில் கட்டட வேலை நடக்கிறதா என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும், தானாகச் சொல்ல மாட்டார்கள்.

ரிசார்ட்டில் பார்க்க வேண்டியது குறைவு: உங்கள் அறைக்கும் உணவகத்துக்கும் எவ்வளவு தூரம், அந்த வார இறுதியில் திருமணமோ நிறுவன விழாவோ உண்டா. இரண்டாவது கேள்வியைக் கேட்பவர் குறைவு. தோட்டத்தில் நள்ளிரவு வரை ஒலிபெருக்கி ஓடும்போதுதான் அதன் அருமை தெரியும்.

9. பணம் கட்டும் முன் ஒரு செய்தி

ரியாட்கள் வாட்ஸ்ஆப்பில் பதில் சொல்லும். பிரெஞ்சோ எளிய ஆங்கிலமோ போதும். ஒரே செய்தியில் எண் போட்டுக் கேளுங்கள், அப்போதுதான் எதற்குப் பதில் வரவில்லை என்பது தெரியும்.

1. இந்தப் பெயருள்ள அறை எந்தத் தளம், எத்தனை படி?
2. கார் நிற்கும் இடத்திலிருந்து எத்தனை மீட்டர்? அங்கே ஆள் வந்து அழைத்துப் போவாரா?
3. குளியலறைக்குக் கதவு உண்டா?
4. என் தேதிகளில் குளத்து நீர் எத்தனை டிகிரி?
5. வரி சேர்த்த மொத்தத் தொகை எவ்வளவு? அட்டையில் கட்டினால் கூடுதல் கட்டணம் உண்டா?
6. சைவச் சாப்பாடு: இறைச்சிச் சாறு இல்லாமல் சமைப்பீர்களா?

கடைசிக் கேள்வியை அப்படியே, அந்தச் சொற்களிலேயே கேட்க வேண்டும். ‘காய்கறித் தஜீன்’ (மண்சட்டியில் வேகும் குழம்பு) என்று மேசைக்கு வருவது ஆட்டுச் சாறில் வெந்ததாக இருக்கலாம். குஸ்குஸ் என்ற கோதுமை ரவை உணவின் மேல் ஏழு காய்கறி இருந்தாலும் குழம்பு இறைச்சியிலிருந்து வந்திருக்கும். ஹரீரா சூப்பும் அப்படியே. சாலுக் என்ற கத்தரிக்காய்க் கூட்டு, தக்தூக்கா என்ற குடைமிளகாய்த் தக்காளிக் கூட்டு, பிசாரா என்ற மொச்சைக் கஞ்சி, பருப்பு ஆகியவை பொதுவாகப் பாதுகாப்பு, ஆனாலும் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த விஷயத்தில் ரியாடுக்கு ஒரு மேன்மை உண்டு. ரிசார்ட் உணவகத்தில் சாறு ஏற்கனவே அண்டாவில் கொதிக்கும். ரியாடில் உங்களுக்கென்று காலையில் சந்தைக்குப் போய் வாங்கிச் சமைக்கிறார்கள். அதனால்தான் இரவுச் சாப்பாட்டை அன்று காலை உணவின்போதே சொல்லச் சொல்கிறார்கள். தஜீன் சிறு தீயில் மணிக்கணக்கில் வேகும் பண்டம், மாலை ஏழுக்குக் கேட்டால் கிடைக்காது.

மது வேண்டும் என்பவர் அதையும் கேட்டுவிடுவது நல்லது. பல ரியாட்களுக்கு உரிமம் இல்லை.

பதிலின் தரமே ஒரு சோதனை. ‘கவலைப்படாதீர்கள், எல்லாம் பக்கம்தான்’ என்று வந்தால் அடுத்த வீட்டுக்குப் போங்கள். மீட்டரும் படியும் எண்ணிச் சொல்பவர்கள் இரவு பத்து மணிக்கும் வாசலில் நிற்பார்கள்.

10. பதிவும் வருகையும்

முதல் முறை போகிறவர், இரவில் இறங்குகிறவர் எல்லோரும் ரியாட் வழியாகவே விமான நிலைய வண்டியை ஏற்பாடு செய்யுங்கள். பெரும்பாலும் 150 முதல் 200 திர்ஹாம். விமான நிலையம் ஊரிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர்தான். நீங்கள் காசு கொடுப்பது தூரத்துக்கு அல்ல, சந்தின் முனையில் ஓட்டுநர் உங்களை விடுதிக்காரர் கையில் ஒப்படைப்பதற்கு.

அந்த ஏற்பாடு இல்லாமல் போனால் நடப்பது இதுதான்: பெட்டியைப் பார்த்ததும் ஒரு பையன் வந்து ‘அந்த வழி அடைத்திருக்கிறது’ என்பான், சுற்றி அழைத்துப் போவான், கதவில் நின்று நூறு கேட்பான். வழி அடைத்திருக்காது. ஒரு கடைக்காரரிடம் கேளுங்கள், கடையை விட்டு அவர் நகர மாட்டார் என்பதால் சரியாகச் சொல்வார். பெட்டி கனமாக இருந்தால் தள்ளுவண்டிக்காரரிடம் 20, 30 திர்ஹாம் என்று முதலிலேயே பேசிக்கொள்ளலாம், அது நியாயமான சேவை. இதற்காகவே விமான நிலையத்திலேயே பணம் எடுத்துச் சில்லறையாக மாற்றி வைத்திருங்கள். திர்ஹாம் நாட்டுக்கு வெளியே எளிதில் கிடைக்காது.

பகலில் வந்தால், ரியாடிலிருந்து முதல் முறை வெளியே போகும்போது மூன்று படம் எடுத்துக்கொள்ளுங்கள்: உங்கள் கதவு, சந்தின் வாய், அந்தச் சந்து பெரிய தெருவைத் தொடும் முனையில் உள்ள கடை. கடை இரவில் மூடினால் அடையாளம் மாறிவிடும், ஆகவே அதன் மேலுள்ள வளைவோ குழாயோ படத்தில் வரட்டும்.

11. இரண்டும் வேண்டும் என்றால்

ஐந்து இரவுக்கு மேல் இருந்தால் பிரித்துத் தங்கலாம், முதலில் ரியாட், கடைசியில் ரிசார்ட். மாற்றிச் செய்தவர்கள் பெரும்பாலும் குறைபடுவார்கள். பெரிய அறைக்கும் வாசல் வரும் காருக்கும் பழகிய பின் குறுகிய படிக்கட்டு எரிச்சல் தரும். அலைச்சல் முதலில், ஓய்வு பிறகு என்பதே உடம்புக்கும் ஒத்துவரும்.

நான்கு இரவுக்குக் குறைவென்றால் பிரிக்க வேண்டாம். ஒரு விடுதியைக் காலி செய்து, அடுத்ததில் மதியம் மூன்று வரை அறைக்குக் காத்திருந்து, அரை நாள் போய்விடும்.

திரும்பும் விமானம் காலை ஆறு, ஏழு மணிக்கு என்றால் கடைசி இரவை ரிசார்ட்டிலோ கெலிஸ் ஓட்டலிலோ வைப்பது எளிது. ரியாடிலேயே இருப்பதானால் முதல் நாள் மாலையே மூன்றைச் சொல்லிவிடுங்கள்: பாக்கியை இரவே கட்டிவிடுகிறோம், பெட்டியோடு கார் வரை ஒருவர் துணைக்கு வேண்டும், காலை உணவைப் பொட்டலமாகக் கொடுங்கள். வெளிக்கதவை இரவில் உள்ளே தாழிட்டுக் காவலர் படுத்திருப்பார். எந்த நேரத்துக்கு எழுப்ப வேண்டும் என்று அவரிடமே நேரில் சொல்லுங்கள். பணியாளர்களுக்கான டிப்ஸையும் அன்று மாலையே கொடுத்துவிடுங்கள். சமைத்தவரும் அறையைத் துடைத்தவரும் விடியற்காலையில் அங்கே இருக்க மாட்டார்கள்.